நெடுங்கரை மகாராஜாவின் கயிறு

மகாராஜா தரையை விட்டுக் கிளம்பிய அந்தக் காலையில் ராணி கோமளாங்கி நாச்சியாருக்கு முதலில் வந்தது பயமில்லை, பொறாமை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எங்கே கிளம்பினாலும் அவளுக்கு அதுதான் வரும். வேட்டைக்குக் கிளம்பினால் மானைப் பார்த்து வரும், சபைக்குக் கிளம்பினால் திவானைப் பார்த்து வரும், கோயிலுக்குக் கிளம்பினால் சாட்சாத் அம்மனைப் பார்த்தே வரும். ஆகையால் கொலு மண்டபத்தில் எல்லார் கண்ணெதிரிலும் அவர் சிம்மாசனத்தை விட்டு ஒரு முழம், இரண்டு முழம் என்று மேலே போய், கூரையில் சரவிளக்குக்குப் பக்கத்தில் நின்று, "அடடே, இங்கேயிருந்து பார்த்தால் சிம்மாசனத்தின் தலையில் எவ்வளவு தூசி!" என்று சொன்னபோது, அவள் சரவிளக்கைப் பார்த்துத்தான் பல்லைக் கடித்தாள்.

நெடுங்கரை சின்னச் சமஸ்தானம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், மிச்ச இரண்டு பக்கமும் வெள்ளைக்காரன். மகாராஜாவின் குதிரை தும்மினால் வெள்ளைக்கார எல்லையில் இருக்கிற காவல்காரன் முகம் துடைத்துக்கொள்ளுவான். அந்தச் சமஸ்தானத்தில் மத்தியான வேளைகளில் மகாராஜாவுக்குத் தூக்கம் வருவதற்காகத் திவான் சேஷநாதய்யர் சீமை தேசத்துச் சரித்திரம் வாசிப்பது வழக்கம்.

"கேளுங்கோ மகாராஜா, அந்த தேசத்துல ஒரு ராஜா இருந்தான், குடிகளைப் பிழிஞ்சு வரி வாங்கினான், பிரபுக்கள்லாம் சேர்ந்து அவனை ஆத்தங்கரைப் புல்வெளிக்கு அழைச்சுண்டு போயி, விசாரணை இல்லாம எவனையும் சிறையில போட மாட்டேன்னு முத்திரை வாங்கினா. நானூறு வருஷம் கழிச்சு இன்னொருத்தன், சபையைக் கேட்காம வரி போட மாட்டேன்னு ஒப்புத்துண்டான், அப்புறம் ஒப்புத்துக்கவே இல்லைன்னான், சண்டை வந்தது, தலையை எடுத்துட்டா. அதுக்கப்புறம் வந்தவாள்லாம் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் ஆளுவேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் ஆசனத்துல உட்கார்ந்தா."

தூங்க வேண்டிய மகாராஜா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் அய்யரே, கையெழுத்துப் போட்டவன் தலை போச்சா, போடாதவன் தலை போச்சா?"

"போட்டுட்டு இல்லைன்னவன் தலை போச்சு, மகாராஜா."

மகாராஜா கொஞ்ச நேரம் தம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, நல்ல மனிதர், நிஜமாகவே நல்ல மனிதர், "சரி, நாம் போட்டுவிட்டு ஆமாம் என்றே சொல்லிவிடுவோம்" என்றார். இப்படித்தான் நெடுங்கரைக்கு உரிமைச் சாசனம் வந்தது.

ராஜாவின் முன்னால் பேசும்போது இனி யாரும் வாயைப் பொத்த வேண்டாம், யாரும் காலில் விழக்கூடாது, அதுவே குற்றம் என்று முதல் கையெழுத்தைப் போட்டார். கிரீடம் காதுவரை இறங்கிற்று. விசாரணையில்லாமல் சிறையில்லை என்று போட்டார், கையிலிருந்த கங்கணம் முழங்கைக்குச் சறுக்கிற்று. சம்பளமில்லாமல் அரண்மனைக்குக் கல் சுமக்க வேண்டாம், மண் சுமக்க வேண்டாம், பல்லக்குச் சுமக்க வேண்டாம் என்று போட்டார், கால் இரண்டும் தரையை விட்டன. குடிகளின் சபை சம்மதிக்காமல் உத்தரவில்லை, வரியில்லை என்று கடைசியாகப் போட்டபோது பேனா மட்டும் கீழே விழுந்தது, மகாராஜா விழவில்லை.

அவரிடமிருந்து போன கனம் எங்கே போயிற்று என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. அதே நேரத்தில் கடைத்தெருவில் கட்டில்கள் முறிந்தன, உப்பளத்தில் வரப்புகள் உள்வாங்கின, வல்லங்கள் ஆளேறினதும் ஒரு சாண் கூடுதலாகத் தண்ணீரில் அமுங்கின, தொட்டில் பிள்ளையைத் தூக்கிய தாய்மார் "என் ராசா, என்னய்யா இப்படிக் கனக்கே" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். உடம்பு பெருக்கவில்லை, அதே ஒல்லிக் கையும் காலும்தான், ஆனால் நடந்தால் மணலில் கணுக்கால்வரை தடம் விழுந்தது. முதல் நாள் எல்லாரும் வைத்தியனைத் தேடினார்கள். அந்த வாரமே பெருமை தொடங்கிவிட்டது. "எங்க வீட்டுல ரெண்டு கட்டில் முறிஞ்சுது, ஒங்க வீட்டுல ஒண்ணுதானாமே?" என்று கேட்காத சம்பந்தியில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பாடச் சொல்வதை விட்டுவிட்டு ஈர மணலில் நடக்கச் சொன்னார்கள். தச்சர்கள் மட்டும் யாரோடும் சேராமல் இரவும் பகலும் கட்டில் கால் கடைந்தார்கள்.

வெள்ளைக்கார சர்க்காரின் பிரதிநிதியான ரெசிடெண்ட் துரை குதிரைமேல் வந்து, தொப்பியைக் கழற்றி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னார். "மகாராஜா மேலே இருக்கான். கீழே இல்லை. ஆனால் இருக்கான். ரொம்ப நல்லது. எங்கள் ராஜாவும் இப்படித்தான். எங்கள் ஊரில் கூரை உயரம், அதனால் யாருக்கும் தெரியாது."

திவான் இன்னும் தெளிவாகச் சொன்னார். "அங்கே ராஜாக்கள் எழுநூறு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா இளைச்சா. நம்மவர் ஒரே காலம்பற இளைச்சுட்டார். அதான் இப்படி." அதற்குமேல் காரணத்தை யாரும் கேட்கவில்லை. காற்றடிக்கிற ஊரில் பறக்கிற ராஜாவை எப்படிக் கட்டி வைப்பது என்பதுதான் எல்லாருக்கும் கவலை.

வல்லக்காரர்களின் தலைவர் சூசை பர்னாந்து ஒரு நங்கூரக் கயிற்றைக் கொண்டுவந்து சுருக்கு வீசி மகாராஜாவின் இடுப்பில் மாட்டினார். மண்டபத்தில் அவர் தலை கூரையில் இடித்துக்கொண்டே இருந்ததால் கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். கொடிமரத்தில் கட்டினார்கள், முடிச்சு தானாக அவிழ்ந்தது. பீரங்கியில் கட்டினார்கள், அவிழ்ந்தது. கோயில் யானையின் காலில் கட்டினார்கள், யானைதான் பயந்தது. கடைசியில் ஒரு உப்பளத்துக்காரி, "எல்லாரும் வெலகுங்க, கண்ணு" என்று கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள், அது வேர் பிடித்த மாதிரி நின்றது. குடிமக்களில் ஒருவருடைய கை, அது யார் கையானாலும் சரி, மனமொப்பிப் பிடித்தால் நின்றது. வேறெதிலும் நிற்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆளாகக் கயிற்று முறை வந்தது. முறையில்லாத நாளிலும் சொல்ல ஏதாவது இருக்கிறவர்கள் வரிசையின் கோடியில் வந்து நிற்கலாம். இன்னொன்றும் தெரியவந்தது. கடற்காற்று கீழே கத்துகிறவர்கள் எல்லாருடைய குரலையும் அள்ளிக்கொண்டு போய்விடும், கயிற்றைப் பிடித்திருக்கிறவரின் குரல் மட்டும் கயிற்றின் வழியாகவே ஏறி மகாராஜாவின் காதுக்குப் போகும். கேட்காமல் எழுந்து போக அவரால் முடியாது.

ராணியும் பிடித்துப் பார்த்தாள். பரிவாரம் சூழ, பட்டுக்குடை பிடிக்க, ஊரே வழிவிட, கடற்கரைக்குப் போய்க் கை நீட்டினாள். கயிறு அவள் உள்ளங்கையிலிருந்து விலாங்கு மாதிரி வழுக்கிப் போயிற்று. மகாராஜா பனை உயரத்துக்கு எகிறிவிட்டார், சூசை பர்னாந்து பாய்ந்து பிடிக்காவிட்டால் இலங்கைக்கே போயிருப்பார்.

"நீங்க குடியில்லையே அம்மா," என்றார் திவான், அவமானத்தில் சிவந்துபோயிருந்தவளிடம், அவமானத்தை இன்னும் கொஞ்சம் ஊதிவிடுகிற தணிந்த குரலில். "சாசனத்துலயே எழுதிருக்கேன். மகாராஜா பாதத்துல ஒருதரமாவது விழுந்து எழுந்தவாளும் அவா சந்ததியும் குடிகள். நீங்க விழவே இல்லையே."

அவள் விழவே இல்லை. அது நெடுங்கரையின் வழக்கம். கல்யாணத்தன்று கோயில் துலாபாரத் தராசில் ஒரு தட்டில் ராஜாவையும் மறு தட்டில் பெண்ணையும் உட்கார வைத்து, பெண் பக்கம் வாழைத்தாரை அடுக்கிக்கொண்டே போவார்கள், முள் நேராக நின்றதும் "ராணி என்பவள் ராஜாவில் பாதி" என்று பட்டர் சத்தம் போட்டுச் சொல்லுவார். ஒரு பாதி மறு பாதியின் காலில் விழுவதாவது! ஊரில் எல்லாரும் விழுந்தார்கள், குதிரை விற்க வந்த அரபிக்காரன்கூட விழுந்தான், அவள் மட்டும் நிமிர்ந்து நின்றாள். இத்தனை வருஷமாக அதுதான் அவளுடைய மகுடம். இப்போது குதிரைக்கார அரபியின் பேரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மகாராஜாவோடு சிரித்துப் பேசுகிறான், அவள் மாடத்தில் நின்று பார்க்கிறாள்.

மாடத்திலிருந்து பார்ப்பதுதான் அவளுக்கு வேலையாயிற்று. ராஜாவுக்கு அதிகாரம் போயிற்று, பதிலாக ஆகாயம் கிடைத்தது. குடிகளுக்குப் பயம் போயிற்று, பதிலாகக் கனம் கிடைத்தது. அவளுக்கு எது போயிற்று, எது கிடைத்தது? மீன்காரி பிடித்தால் மீன்காரியைப் பார்த்து எரிந்தாள், வண்ணான் பிடித்தால் வண்ணானைப் பார்த்து எரிந்தாள், கொல்லாசாரியின் கிழட்டு மாமியார் பிடித்துக்கொண்டு, "ஏ மகாராசா, ஒமக்குச் சளி பிடிக்காதா அங்கன? கம்பளி போத்துமய்யா!" என்று கத்தியபோது, அவர் ஆகாயத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தன்னோடு அவர் அப்படிச் சிரித்ததேயில்லை. அவள் ஏதாவது சொல்லத் தொடங்குவாள், "அத்தான், நேற்று..." என்பாள், அதற்குள் ஒரு சேவகன் வந்து நிற்பான், அவர் "இதோ வந்துவிட்டேன் கோமளம்" என்று போவார். அந்த "இதோ" இன்னும் முடியவில்லை. அவளுக்குள் பாதி வாக்கியங்களாகவே ஒரு பத்தாயம் நிரம்பிக் கிடந்தது. ஒரே ஒரு முறை, ஒரு முழு முறை, அந்தக் கயிறு அவள் கையில் நின்றால் போதும், அதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் கடற்கரையில் நடக்கும்போது, பின்னால் வந்த தாதி இருளாயியின் தடத்தைத் திரும்பிப் பார்த்தாள். கணுக்கால் ஆழம். பக்கத்தில் தன் தடம், நண்டு நடந்தது மாதிரி.

மறுநாள் தலைவாரிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"இருளாயி, நாளைக்கு உன் வீட்டு முறைதானே?"

"ஆமா தாயி."

"நீ கயிற்றைப் பிடிச்சுக்கோ. நான் பக்கத்தில நின்னு சொல்றேன், நீ அப்படியே அவர்கிட்டச் சொல்லு. என் வார்த்தை, உன் வாய். அவ்வளவுதான்."

சீப்பு நின்றது.

"அப்ப நான் சொல்ல வேண்டியத யாரு சொல்லுவா தாயி?"

ராணி திரும்பிப் பார்த்தாள். "உனக்கென்னடி இருக்கு அவர்கிட்டச் சொல்ல?"

"இருக்கு தாயி."

"உத்தரவு போட்டால்?"

இருளாயி சிரித்துவிட்டாள், கெட்ட சிரிப்பில்லை, பிள்ளை ஏதோ உளறினதற்குச் சிரிக்கிற சிரிப்பு. "அதெல்லாம் அந்தக் கையெழுத்தோட போயிருச்சில்லா. சடையப் பின்னவா, கொண்டை போடவா?"

அடுத்த நாள் ராணி குடையும் பரிவாரமும் இல்லாமல் கடற்கரைக்குப் போய், கவிழ்த்துப் போட்ட ஒரு வல்லத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். தன் தாதி தன் கணவனோடு என்னதான் குலாவுகிறாள் என்று பார்த்துவிடுவது என்று. இருளாயி வரிசையில் வந்தாள், கயிற்றை வாங்கினாள், இடது கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள், மேலே பார்க்காமல் கடலைப் பார்த்துப் பேசினாள்.

"மகாராசா, நான் இருளாயி. ராணியம்மாவுக்குத் தல வாருதவ. எனக்கு ஒரு அண்ணன் உண்டும். வல்லத்துல அணியத்துல, அந்த முன்தலையில, நிப்பான், அப்படி நிக்க ஊர்ல ஆள் கெடையாது. ராணியம்மா குளிக்கதுக்குத் தாமரக்குளம் வெட்டுனீயள்ளா, அதுக்குக் கல்லு இழுக்கப் புடிச்சிட்டுப் போனாவ. சம்பளமும் கெடையாது, சோறும் கெடையாது. படிக்கல்லு உருண்டு கால்மேல ஏறிட்டு. அன்னையிலருந்து கூரையப் பாத்துப் படுத்துக் கெடக்கான். அந்தக் குளத்துப் படியில ஒக்காந்துதான் நான் தெனமும் தாயிக்கு மஞ்சத் தேய்க்கேன். அவன் கால்மேல ஏறுனது எந்தப் படின்னு எனக்குத் தெரியும். ஒருநாளும் நான் அதுல கால் வச்சதில்ல, தாண்டித்தான் எறங்குவேன். தாயி கேப்பாவ, ஏண்டி ஆடு மாதிரித் தாண்டுதேன்னு."

கயிறு அசையாமல் இருந்தது. மேலேயிருந்து குரல் வந்தது.

"உன் அண்ணன் பேர் என்ன அம்மா?"

"வேலாண்டி."

"வேலாண்டி," என்றார் மகாராஜா. கொஞ்சம் கழித்து மறுபடியும், "வேலாண்டி."

வல்லத்தின் பின்னால் ராணி மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஆடு மாதிரி என்று தான் சிரித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. கேட்டவள் நியாயமாக அழ வேண்டும். அவளும் அழுதாள்தான். ஆனால் அந்த அழுகைக்குள்ளும், அவள் வெட்கப்பட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டபோதும், அந்தப் பாழாய்ப்போன நெருப்பு அணையவில்லை. அவர் பேர் கேட்டாரே. நின்று, முழுசாகக் கேட்டு, பேரை இரண்டு முறை சொன்னாரே. அடுத்தவளுடைய துக்கத்தைக்கூடப் பொறாமையோடுதான் அவளால் கேட்க முடிந்தது.

அன்றைக்கு அவள் தாமரைக்குளத்தில் குளிக்கவில்லை. மறுநாள் நேராகச் சபைக்குப் போனாள்.

சபை உப்புக் கிடங்கில் கூடும், ஊரில் இவ்வளவு கனமான கூட்டத்தைத் தாங்குகிற தரை அங்கேதான் இருந்தது. தலைமையில் சூசை பர்னாந்து, பக்கத்தில் திவான், எதிரே மூட்டைகள்மேல் சபையோர். ராணி உள்ளே வந்ததும் பாதிப்பேர் பழக்கத்தில் எழுந்துவிட்டு, எழுந்ததற்குத் தங்களையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"என்னைக் குடியாக்குங்கள்," என்றாள் ராணி.

"விழுந்தாத்தான் குடி அம்மா," என்றார் திவான், தாம் எழுதினதில் தாமே மாட்டிக்கொண்டு நெற்றியைத் துடைத்தபடி. "விழறது இப்போ குத்தம். விழுந்தேள்னா குடியாயிடுவேள், ஆனா குத்தவாளியாவும் ஆயிடுவேள்."

"விழணும்னாலும் கால் எங்கனய்யா இருக்கு?" என்றார் சூசை பர்னாந்து. "மேகத்துலல்லா தொங்குது!"

கிடங்கு அதிரச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில், முதன்முதல் கயிறு பிடித்த உப்பளத்துக்காரி, காசியம்மை என்று பேர், மூட்டைமேலிருந்து கையை நீட்டினாள். "அவுக எங்கள மாதிரி ஆவணும்னா எங்கள மாதிரி கனக்கணும். அந்தா தராசு நிக்கி. ஏறச் சொல்லுங்க, பாப்பம்."

உப்பு நிறுக்கிற பெரிய மரத் தராசு. ஒரு தட்டில் காசியம்மையின் கனத்துக்குச் சரியாக உப்பு மூட்டை ஏற்றினார்கள். மறு தட்டில் ராணி ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தட்டு ஜிவ்வென்று மேலே போய்விட்டது. ராணி கோமளாங்கி நாச்சியார், ராஜாவில் பாதி, கிடங்குக் கூரையின் கீழே, கொலுசுக் கால் இரண்டும் ஆட, சிலந்தி வலைகளுக்கு நடுவில் தொங்கினாள்.

"ஒரு மூட்டப் பஞ்சு இதவிடக் கனக்குமே!" என்றான் யாரோ. "குடியில்ல, குடியில்ல. எறக்கி விடுங்க, அரமனைக்குப் போவட்டும்."

"இறக்காதீர்கள்!"

அந்தச் சத்தம் அவளுக்கே புதிது. அந்தப்புரத்தில் யாரும் அப்படிக் கத்துவதில்லை.

"எனக்கு ஒரு பிராது இருக்கு."

"யார் மேல அம்மா?" என்றார் திவான்.

"மகாராஜா மேல."

சபையோர் மூட்டைகளின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நான் பேச ஆரம்பிச்சா அவர் எழுந்து போயிடுவார். ஒருநாள் ரெண்டு நாள் இல்லை, கல்யாணமான நாள் முதலா. மான் வந்தா போவார், திவான் வந்தா போவார், சந்தனம் அரைக்கிறவன் வந்தாக்கூடப் போவார். மீன்காரிக்குப் பதில் சொல்றார், கொல்லாசாரி மாமியாருக்குச் சிரிக்கிறார், எனக்கு ஒரு முழு வார்த்தை கிடையாது. நீங்க எல்லாரும் அவரோட பேசறீங்க, எனக்கு வயிறு எரியுது. ஆமாம், எரியுது! அந்தக் குளம் என் பேரில்தான் வெட்டினாங்க. கல் எங்கேயிருந்து வந்ததுன்னு எனக்கு யாரும் சொல்லலை, நானும் கேட்கலை, அது என் தப்பு. ஆனா கேட்டு, வேண்டாம்னு சொல்லியிருந்தா? அதைக் கேட்க அவர் உட்கார்ந்திருப்பாரா? பாதி ராஜான்னு சொல்லி என்னைத் தராசில ஏத்தினீங்க, வாழைத்தாரை அடுக்கினீங்க, சந்தோஷமாச் சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க. என்னை இறக்கவே இல்லை. அன்னையிலேருந்து நான் தொங்கிட்டுத்தான் இருக்கேன்!"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தராசின் முள் முனகிற்று. யாரும் மூட்டையைத் தொடவில்லை. தட்டு ஒரு முழம் இறங்கிற்று, வாழைத்தார் என்ற சொல்லுக்கு இன்னொரு முழம், கடைசிச் சொல்லில் தடாலென்று தரையைத் தொட்டு, எதிர்த்தட்டில் இருந்த உப்பு மூட்டைகள் கூரைக்கு எகிறிக் கிடங்கெல்லாம் உப்பாகக் கொட்டின. அதே நேரம் கடற்கரைப் பக்கம் "ஐயோ, பிடிங்க, பிடிங்க!" என்று கூச்சல். மகாராஜா இன்னும் நாலு பாய்மர உயரத்துக்கு மேலே போய்விட்டார், கயிறு பிடித்திருந்த பனையேறியை அலைவரைக்கும் இழுத்துக்கொண்டு.

சூசை பர்னாந்து தலையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டுச் சபையைப் பார்த்தார், சபை திவானைப் பார்த்தது, திவான் சாசனத்தைப் பார்த்தார்.

"ராஜாமேல பிராது சொன்னவா யாரானாலும் குடிதான்னு இன்னிக்கே ஒரு வரி சேர்த்துடறேன்," என்றார் திவான், மிகுந்த நிம்மதியோடு. "முதல்லயே இதைத்தான் எழுதிருக்கணும்."

தட்டிலிருந்து இறங்கியபோது ராணிக்குக் கால் எழவில்லை. தன் உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு நடப்பது இவ்வளவு வேலை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கிடங்குத் தரையில் கொட்டிய உப்பில் அவள் தடம் பதிந்தது. கிடங்கு வாசலில் காசியம்மை நின்று அதை எட்டிப் பார்த்து, "ம், பரவாயில்ல" என்றாள், கொஞ்சம் மனப்புழுக்கத்தோடு.

கடற்கரைக்குப் போனதும் ராணி பழக்கத்தில் நேரே கயிற்றண்டை போய்விட்டாள். வரிசை ஒரே குரலில் கத்திற்று. அதில் இருளாயியின் குரலும் இருந்தது. "வரிசை அந்தக் கோடியில தாயி!" போய் நின்றாள். வெயில் ஏறிற்று. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவரும் பேசி முடிக்கிறவரை நின்றாள். ஒருவன் ஒன்றுமே பேசாமல் கயிற்றைப் பிடித்தபடி சும்மா நின்றான், அதற்கும் நின்றாள். நிழலுக்காக யாரோ ஓலை ஒன்றைத் தந்தார்கள், அதைத் தலையில் பிடித்துக்கொண்டாள். கடைசியில் கயிறு அவள் கைக்கு வந்தது. வழுக்கவில்லை. சொரசொரவென்று, உப்பும் வியர்வையுமாக, உள்ளங்கையைக் கடித்துக்கொண்டு நின்றது, அந்தக் கோடியில் ஒரு மனிதர் இருக்கிறார் என்று ஒவ்வொரு காற்றுக்கும் சொல்லிற்று.

"யாரு?" என்றது குரல், ரொம்பத் தூரத்திலிருந்து. அவ்வளவு உயரத்துக்கு எல்லாத் தலையும் கடுகுதான்.

"நான்தான் அத்தான்."

"கோமளமா? நீயா பிடித்திருக்கிறாய்?"

"நான்தான்."

"சொல்லு."

பத்தாயத்தைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்துப் பாதி வாக்கியங்களும் எங்கே போயினவோ. அவர் போகாமல் காத்திருப்பது அவளுக்கு எவ்வளவு புதிதென்றால், அந்தக் காத்திருப்பையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். கயிறு பொறுமையாக ஆடிற்று.

"அந்தத் தாமரைக்குளத்தை மூடிடணும்," என்றாள் கடைசியில். "அந்தப் படிக்கல்லை வேலாண்டி வீட்டு வாசல்ல கொண்டு போடணும். அவன் வேணும்னா உடைக்கட்டும், வேணும்னா உட்காரட்டும்."

"நான் உத்தரவு போட முடியாதே கோமளம். சபையில்தான் கேட்கணும். நான் இங்கேயிருந்து கேட்டுக்கொள்ளத்தான் முடியும்."

"அதுக்குத்தான் வந்தேன்," என்றாள்.

பிறகு வந்தது. முதலில் ஒன்று, அப்புறம் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, அந்த "அத்தான், நேற்று" என்பதில் தொடங்கி, அந்த நேற்று எந்த நேற்று என்று இப்போது யாருக்குத் தெரியும், அன்றைக்கு மாடத்தில் ஒரு மைனா வந்தது, அது உங்கள் குரலில் பேசிற்று, அதைச் சொல்லத்தான் வந்தேன், நீங்கள் போய்விட்டீர்கள் என்று. மேலேயிருந்து, "அப்புறம்?" என்று கேட்டது. அந்த "அப்புறம்" கயிற்றின் வழியாக இறங்கி வந்து அவள் மணிக்கட்டில் துடித்தது.

தோளில் யாரோ தட்டினார்கள். காசியம்மை.

"முறை முடிஞ்சுது."

"முடியலை. இப்போதான் ஆரம்பிச்சேன்."

"எல்லாரும் இப்பத்தான் ஆரம்பிக்கோம். குடுங்க."

"இன்னும் ஒரே வார்த்தை."

"அந்த ஒரு வார்த்தைய அடுத்த முறையில சொல்லுங்க. என் பிள்ளை வீட்டுல பசியோட கெடக்கு, நானும் வெயில்லதான் நின்னேன்."

"மாட்டேன்!" என்று ராணி குதிகாலை மணலில் ஊன்றினாள். வரிசை முழுக்கக் கொதித்துப்போயிற்று. "இதென்ன நியாயம்?", "அரமனக்காரின்னா ரெண்டு முறையா?", "ஏ திவானய்யரே, சட்டத்த வாசியும்!" என்று ஆளாளுக்குக் கத்த, அவளும் அவர்களுக்கு ஈடாகக் கத்தினாள், மேலேயிருந்து மகாராஜா, "கோமளம், கோமளம், நான் எங்கே போய்விடப் போகிறேன்?" என்று சிரித்தது கயிற்றின் வழியாக அவளுக்கு மட்டும் கேட்டது.

கயிற்றைக் கொடுத்தாள். கை வெறுமையான அந்தக் கணமே காசியம்மையைப் பார்த்து அடிவயிறு பற்றிக்கொண்டது. அவள் எதைப் பேசுவாள், எவ்வளவு நேரம் பேசுவாள், அவர் அவளுக்கும் "அப்புறம்?" என்பாரா? பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்க நேரமில்லை. ராணி புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, மணலில் ஆழ ஆழக் கால் புதைய, மூச்சு வாங்க, வரிசையின் கோடிக்கு ஓடினாள். அங்கே மீன் கூடையோடு ஒரு ஆள் நின்றிருந்தான்.

"நீங்கதானே கடைசி?"

"ஆமா."

"உங்களுக்கு அப்புறம் நான்," என்றாள்.